மரமும் எல்லையும்: பரணர் பாட்டில் ஒரு வழக்கியல் நோக்கு

முன்னுரை

ஒருவன் மண்ணில் முளைத்த மரம் அம்மண்ணின் எல்லைக்குள்ளேயே அடங்கி நிற்பதில்லை. அதன் கிளை அயலான் கூரைமேல் சாய்கிறது. வேர் அயலான் சுவரைப் பிளக்கிறது. காய் அயலான் முற்றத்தில் வீழ்கிறது. மனிதன் கோடு கிழித்து நிலத்தைப் பிரித்தான். மரமோ அக்கோட்டை அறியாது வளர்கிறது. மதுரை மாநகரின் நெருங்கிய தெருக்களிலும், அதனைச் சூழ்ந்த மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, சோழவந்தான் ஆகிய ஊர்ப்பகுதிகளிலும், அண்டை வீட்டார் இருவர் நெடுநாள் பகை கொள்ளுதற்கு ஒரு முருங்கையோ ஒரு வேம்போ போதியதாகிறது. இத்தகைய வழக்குகள் நீதிமன்றத்திற்கு உரியன, இலக்கிய ஆராய்ச்சிக்கு உரியன அல்ல என்று கருதுவார் உளர். அக்கருத்து பொருந்தாது என்பதும், மரம்பற்றிய வழக்கின் நடுவாய சிக்கலைச் சங்கப் புலவர், சிறப்பாகப் பரணர், கூர்ந்து கண்டு பாடினர் என்பதும் இக்கட்டுரையில் யாம் நிறுவப் புகுவன.

நன்னன் பெண்கொலை புரிந்த செய்தியைக் கூறும் குறுந்தொகை 292-ஆம் பாட்டு தமிழறிஞர் நன்கு அறிந்தது. அதனை வரலாற்றுக் குறிப்பாகக் கொண்டு நன்னன் நாட்டையும் காலத்தையும் ஆராய்ந்தோர் பலர். கொடுங்கோன்மைக்கு எடுத்துக்காட்டாக அதனை ஆண்டோரும் பலர். அப்பாட்டில் ஒரு வழக்கின் உறுப்புகள் அனைத்தும் அமைந்துள்ளமையை நோக்கினார் சிலரே. நோக்காமையால், அவ்வுவமை ஓர் அகப்பாட்டில் ஏன் இடம்பெற்றது என்ற வினாவும் நிறைவான விடையின்றி நிற்கிறது.

1. ஆவணங்களில் மரம்

முதற்கண், தமிழர் நில ஆவணங்களில் மரம் பெற்ற இடத்தைக் காண்போம். இடைக்காலக் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் நிலம் விற்கும்போதும் கொடையாக வழங்கும்போதும் நான்கு எல்லைகளையும் குறித்தபின், மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும் அடங்க என்ற கருத்துடைய தொடர் வருதல் மரபு. இத்தொடர் நுட்பமானது. நிலம் என்பது பரப்பு மட்டும் அன்று. அதன்மேல் உயர்வதும் அதன்கீழ் ஆழ்வதும் அதனுள் அடங்கும் என்பது இதன் கருத்து. இன்றைய விற்பனைப் பத்திரங்களிலும் செக்குபந்தி கூறியபின் மாவடை மரவடை என்ற பழந்தொடர் எழுதப்படுதலைக் காண்கிறோம்.

எனினும், இத்தொடர் மரத்தை மேல்நோக்கிய பொருளாகவே காண்கிறது என்பது கருதத்தக்கது. மரம் பக்கநோக்கியும் வளரும் பொருள் என்பதை அது கூறிற்றில்லை. உடைமையை மேலும் கீழும் அளந்த ஆவணம், எல்லையைக் கடக்கும் கிளையையும் வேரையும் பேசாது விட்டது. வழக்கு பிறக்குமிடம் அவ்விடமே.

மரத்தின் உடைமையும் நிலத்தின் உடைமையும் வேறுவேறாதலும் நம் நாட்டில் உண்டு. அரசுப் புறம்போக்கில் நிற்கும் புளி முதலிய மரங்களின் பயனைத் துய்க்க 2சி பட்டா என்ற பெயரில் உரிமை வழங்கும் முறை வருவாய்த்துறையில் அமைந்ததாகும். நிலம் அரசினது; மரத்தின் பயன் தனியொருவனது. ஆகவே மரம் யாருடையது என்ற வினாவுக்கு, அது நிற்கும் நிலம் யாருடையது என்பது எப்போதும் விடையாகாது.

பிற நாட்டாரும் இச்சிக்கலை நெடுங்காலமாக எண்ணி வந்தனர். உரோமானியரின் பன்னிரண்டு பலகைச் சட்டம், அயலான் நிலத்தில் வீழ்ந்த காயை மரத்துக்குரியவன் சென்று பொறுக்கிக்கொள்ள இடந்தந்தது. எல்லையில் நிற்கும் மரம் இரு நிலத்திலும் வேரூன்றினால் இருவர்க்கும் பொது என்றது சசுத்தினியன் காலத்துச் சட்டநூல். வடமொழி மிருதி நூல்களும் எல்லையைக் குறிக்க ஆல், அரசு, பனை முதலிய மரங்களை நடுக என்று மனுவின் வாயிலாகவும், எல்லை நடுவே தோன்றிய மரத்தின் பூவும் காயும் இரு நிலத்தார்க்கும் பொது என்று காத்தியாயனர் வாயிலாகவும் கூறின. எல்லையை உறுதிசெய்ய நட்ட மரமே பின்னர் எல்லைப் பூசலுக்குக் காரணமாயிற்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

2. குறுந்தொகை 292: வழக்கின் உறுப்புகள்

இனிப் பரணர் பாட்டுக்கு வருவோம். தலைவியைத் தாய் இரவும் துஞ்சாது காக்கிறாள். தலைவன் வந்து காணுதற்கு வழியில்லை. அந்நிலையில் தோழி கூறுவது இப்பாட்டு. நீராடச் சென்ற ஒரு பெண், ஆற்று வெள்ளம் கொணர்ந்த பசுங்காய் ஒன்றைத் தின்றாள். அப்பிழைக்கு ஈடாக 81 களிறுகளையும் அவள் நிறைக்கு நிறை பொன்னாற் செய்த பாவையையும் கொடுக்க முன்வந்தனர். நன்னன் கொள்ளானாய் அவளைக் கொன்றான். அந்நன்னனைப் போலத் தாயும் நிரயம் புகுக என்பது தோழியின் சினமொழி.

இதனுள் வழக்கின் உறுப்புகளைப் பிரித்துக் காண்போம். உடைமைக்குரியவன் நன்னன். உடைமை ஒரு காய். காய் உடைமை எல்லையை விட்டு நீங்கியது நீரால். எவர் கையாலும் அன்று. பிறர் செயல், தின்றது. அச்செயலுக்குப் பரணர் இட்ட பெயர் ‘தப்பல்’ என்பது. ஈடு, களிறும் பொற்பாவையும். தீர்ப்பு, கொலை. வினை, இழப்பு, ஈடு, தண்டம் என்ற நான்கும் ஒன்பது அடிக்கு மிகாத இச்சிறு பாட்டினுள் முறையே அமைந்துள்ளன.

இவற்றுள் ‘தப்பல்’ என்ற சொல் சிறப்பாக ஆராயத்தக்கது. வெள்ளம் கொணர்ந்த காயை உண்பது குற்றமே அன்று என்று பரணர் கூறியிருக்கலாம். மிதந்து வந்த காய் எவர்க்கும் உரியதன்று என்று வாதிட இடமும் உண்டு. அவர் அவ்வாறு வாதிட்டிலர். அது தப்பு என்பதை ஒப்புக்கொண்டார். அதாவது, காய் எல்லை கடந்தமையால் நன்னன் உரிமை அழிந்துவிடவில்லை என்பது அவர் கருத்தாதல் வேண்டும். இக்கருத்து பிற்கால வழக்கு முடிவுகளோடும் ஒத்துச் செல்கிறது. எல்லை கடந்த கிளையிலிருந்து அயலான் பறித்த கனியும் மரத்துக்குரியவனுக்கே உரியது என்று இங்கிலாந்தில் 1919-இல் மில்ஸ் எதிர் புரூக்கர் என்ற வழக்கில் முடிவு செய்யப்பட்டது.

ஆகவே நன்னன் பழி, உரிமை இல்லாததை உரிமை என்றமையால் வந்ததன்று. உள்ள உரிமைக்கு அளவிறந்த தண்டம் கொண்டமையால் வந்தது. ஈட்டின் பெருமையைப் பரணர் எண்ணிக் கூறியதன் நோக்கமும் இதுவே. காய் ஒன்றுக்கு 81 களிறு என்பது ஈடாகாது, ஈட்டின் மிகையாகும். பெண்ணின் நிறையுள்ள பொற்பாவையோ உயிர்க்கு ஈடாகக் கருதி அமைத்தது. இழந்தது காய், கொடுக்க இசைந்தது உயிரின் நிறை. அதனையும் மறுத்தபோது நன்னன் கேட்டது ஈடு அன்று என்பது வெளிப்படுகிறது. ஈடு பெறும் நிலையில் வழக்கு முடிகிறது. அதன்மேற் செல்வது வழக்கன்று, பகை.

பாட்டில் மாமரம் என்ற சொல்லே இல்லை என்பதும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. காய் மட்டுமே பேசப்படுகிறது. அது நன்னனது காவல் மாமரத்தின் காய் என்பதை உரையாசிரியரும் ஆராய்ச்சியாளரும் பிற செய்யுட்களோடு இயைத்தே கொண்டனர். மரத்தை மறைத்துக் காயை மட்டும் காட்டியமையால், சிறுமையும் பெருமையும் நேருக்கு நேர் நிற்கின்றன. ஒருபால் பசுங்காய் ஒன்று. மறுபால் ஓர் உயிர். பழுத்த கனி என்று கூறாது பசுங்காய் என்றமையும் இழப்பின் சிறுமையையே காட்டும்.

3. உவமையின் பொருத்தம்

இவ்வுவமை தாய்க்கு எவ்வாறு பொருந்தும்? பெண்கொலை புரிந்தவனைப் பெற்ற தாய்க்கு உவமை கூறுதல் மிகை என்றும், தோழியின் சினமே அம்மிகைக்குக் காரணம் என்றும் கூறுவர். சினம் உண்டு என்பது உண்மை. ஆயினும் சினம் மட்டும் காரணமாயின், கொடியோர் வேறு எவரையும் தோழி உவமை காட்டியிருக்கலாம். நன்னனையே தேர்ந்தமைக்குத் தனிக் காரணம் உண்டென யாம் கருதுகிறோம்.

தாய்க்கு மகளைக் காக்கும் உரிமை உண்டு. அதனைத் தோழி மறுத்திலள். சங்க அகத்திணை மரபும் மறுப்பதில்லை. நன்னனுக்கும் மரத்தைக் காக்கும் உரிமை உண்டு. இருவரும் காவலர். இருவர் காவலும் ஒரு சிறு நிகழ்ச்சியால் கடுமை அடைந்தது. அங்கே நிகழ்ந்தது ஒரு காயைத் தின்றது. இங்கே நிகழ்ந்தது, நகைமுகத்தோடு ஒரு விருந்தினன் ஒருநாள் வந்தது. ‘ஒருநாள்’ என்ற சொல்லைப் பரணர் தனிச்சீராக நிறுத்தியமை வீணன்று. ஒருநாள் வரவுக்குத் தாய் தந்த விடை, பகைவர் முன் நிற்கும் ஊர் போலத் துயிலொழிதல். காயும் ஒருநாளும் சிறியன. கொலையும் துயிலாக் காவலும் அளவிறந்தன. இரண்டற்கும் பொதுத்தன்மை, உரிமை உண்டாயினும் அளவு இன்மை.

தாய் புகுக என்ற நிரயத்திற்குப் பரணர் தந்த அடையும் ‘வரையா’ என்பதே. நீக்கமில்லாத, எல்லை வகுக்கப்படாத என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். எல்லையைக் காக்கப் புகுந்து எல்லை இறந்தவர்க்கு எல்லையில்லாத நிரயம். தண்டமும் குற்றத்தின் வடிவாகவே அமைந்தது.

ஓர் அகவுவமையினுள் இத்துணை வழக்கியலை ஏற்றுதல் தகுமோ என ஒருவர் வினவலாம். வினா நேரியது. பரணர் சட்டம் வகுக்கப் பாடினார் என்பது எம் கருத்தன்று. ஆனால் உவமையால் விளங்கவேண்டிய பொருள், காவலின் அளவு. அப்பொருளை விளக்க, காவலின் அளவு மீறிய வழக்கு ஒன்றை அவர் தேர்ந்தார் என்பதே எம் கருத்து. வழக்கியல் நோக்கு இல்லையாயின் உவமை வெறும் வசையாகிவிடும். அந்நோக்கு உண்டாயின் உவமையும் பொருளும் உறுப்பு உறுப்பாக ஒத்து நிற்கும். எந்த விளக்கம் பாட்டின் சொற்களை மிகுதியாகப் பயன்கொள்கிறதோ அதுவே ஏற்புடையது.

4. வெட்டுண்ட மரங்கள்

நன்னன் மரத்தின் முடிவையும் பரணரே கூறுகிறார். குறுந்தொகை 73-இல், நன்னனது நறுமாவைக் கொன்ற கோசரின் வன்கண் சூழ்ச்சி குறிக்கப்படுகிறது. ‘கொன்று’ என்ற சொல்லை மரத்திற்கு அவர் ஆண்டமை கருதத்தக்கது. பெண்ணைக் கொன்றான் நன்னன். அவன் மரத்தைக் கொன்றனர் கோசர். இரண்டு நிகழ்ச்சிகளையும் காரண காரியமாகப் பாட்டு இணைக்கவில்லை. அறிஞரே ஊகித்து இணைத்தனர். அவ்வூகம் சரியாயினும் தவறாயினும், கோசர் செயலைப் பரணர் அறச்செயல் என்று போற்றினாரல்லர் என்பது தெளிவு. வன்கண்மையும் சூழ்ச்சியும் என்றே அதற்குப் பெயரிட்டார்.

மதுரைக்கு அணித்தே உள்ள திருமோகூரை அறிஞர் பண்டை மோகூராகக் கொள்வர். அவ்வூர்ப் பழையனது காவல்மரம் வேம்பு. சேரன் செங்குட்டுவன் அவனை வென்று, அவ்வேம்பை அடியோடு வெட்டிக் களிறு பூட்டி இழுத்துச் சென்றதைப் பதிற்றுப்பத்தின் 44-ஆம் பாட்டு பாடுகிறது. அதனைப் பாடியவரும் பரணரே. மகளிர் கூந்தலைத் திரித்த கயிற்றால் அம்மரத்தை இழுத்தான் என்று ஐந்தாம் பத்தின் பதிகம் கூறும். சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டமும் இவ்வேம்பு வீழ்ந்ததை நினைவுகூர்கிறது. ஈண்டுப் பரணர் வென்ற அரசனைப் பாடும் நிலையினர். ஆகவே அச்செயல் புகழாகவே அமைகிறது. ஒரே புலவர் மரம்பற்றிய மூன்று நிகழ்ச்சிகளைப் பாடி, ஒன்றைப் பழித்து, ஒன்றை வன்கண்மை என்று குறித்து, ஒன்றைப் புகழ்ந்தமை எண்ணத்தக்கது. போரில் மரம் கொடிக்கும் முரசுக்கும் நிகரானது. அதனை வெட்டுதல் வெற்றியின் அடையாளம். வழக்கில் மரம் உடைமை; அதன்பொருட்டு உயிரை வெட்டுதல் நிரயத்தின் வாயில். போரின் அளவுகோலை வழக்கிற்கு எடுத்துக்கொண்டமையே நன்னன் தவறு.

இவ்வேறுபாட்டை மதுரையின் அறமன்றத்தார் நன்கு அறிந்திருத்தல் வேண்டும். அறங்கூறு அவையத்தாரைத் துலாக்கோலுக்கு ஒப்பிடுகிறது மதுரைக்காஞ்சி. கோல் என்பது மரத்தின் கொம்பு. அரசன் கையிற் செங்கோல். நிலம் அளப்பானுக்கு உலகளந்த கோல் போன்ற அளவைக்கோல். வழக்குத் தீர்ப்பானுக்குத் துலாக்கோல். நிறுத்தல் என்பது இருபாலும் நோக்கி அளவு காணுதலே அன்றி, உரிமை எவன்பால் உள்ளது என்று கூறி ஒழிதல் அன்று.

5. அளவு காட்டிய இரு பாட்டுகள்

மரத்தை வெட்டாதே என்று பாண்டியன் ஒருவனுக்கே கூறிய புலவரும் உளர். பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நோக்கிக் காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார் பாடியது புறநானூறு 57. பகைவர் வயலை நின் வீரர் கொள்ளினும் கொள்க. ஊரை எரி உண்ணினும் உண்க. பகைவரை நின் வேல் அழிப்பினும் அழிக்க. காவல்மரங்களை மட்டும் வெட்டாது காப்பாயாக என்பது அவர் வேண்டுகோள். அதற்கு அவர் தரும் காரணம் வியப்பானது. அம்மரங்கள் நின் உயர்ந்த யானைகளைக் கட்டும் தறியாக மாட்டா என்கிறார்.

இக்காரணத்தைச் சிறுமையுடையது என்பார் தவறுகின்றனர். துணைவஞ்சி என்பது தாக்குவானிடம் தாக்கப்படுவானுக்காகப் பேசும் துறை. வெற்றிச் செருக்கில் நிற்கும் அரசனிடம் மரத்தின் புனிதத்தைப் பேசின், பகைவனுக்குப் பரிந்ததாக முடியும். ஆகவே புலவர் அவன் உரிமை அனைத்தையும் ஒப்புக்கொள்கிறார். அவ்வுரிமையின் இறுதி எல்லையில் மட்டும் கைவைக்கிறார். அதனையும் அவன் பயனின் பெயராலேயே கூறுகிறார். இதுவே நல்ல வழக்குரைஞனின் முறை. எதிரியின் உரிமையை மறுத்து வெல்லுதலினும், ஒப்புக்கொண்டு அளவு காட்டி வெல்லுதல் நிலைபெறும்.

நற்றிணை 172 இதன் மறுகரையில் நிற்கிறது. விளையாட்டில் மணலில் அழுத்தி மறந்த விதை முளைத்துப் புன்னையாயிற்று. பாலும் நெய்யும் பெய்து வளர்த்தனர். இது உங்களினும் சிறந்த உங்கள் தங்கை என்றாள் தாய். அதன் நிழலில் தலைவனோடு நகையாட நாணுகிறோம் என்கிறாள் தோழி. இங்கு மரம் உடைமை அன்று, உறவு. உடைமையைப் பற்றிய வழக்கில் ஈடு பேசலாம். உறவைப் பற்றிய வழக்கில் ஈடு பேச இடமில்லை. மரவழக்குகள் பணத்தின் மதிப்புக்கு மிஞ்சிய சினத்தோடு நடைபெறுவதன் காரணத்தை இப்பாட்டு ஓரளவு உணர்த்துகிறது. ஒருவன் கண்ணுக்குச் சுவரைப் பிளக்கும் வேராகத் தோன்றுவது, மற்றவன் கண்ணுக்குத் தந்தை நட்ட வேம்பாகத் தோன்றுகிறது. இருவரும் ஒரே மரத்தைப் பேசவில்லை.

6. இக்காலச் சட்டமும் அளவும்

இனி, இக்காலச் சட்டம் இச்சிக்கலை எவ்வாறு தீர்க்கிறது எனச் சுருங்கக் காண்போம். எல்லை கடந்த கிளையை, அயலான் நிலத்துள் புகாமல், எல்லைவரை வெட்டிக்கொள்ள முன்னறிவிப்பும் வேண்டா என்று இங்கிலாந்துப் பிரபுக்கள் அவை லெம்மன் எதிர் வெப் என்ற வழக்கில் 1894-இல் முடிவு செய்தது. நம் நாட்டில் 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், 20 ஆண்டுகள் இடையறாது துய்த்த சில உரிமைகளை நிலைபெறச் செய்கிறது. ஆயினும் கிளை நெடுநாள் படர்ந்திருந்தது என்பது கொண்டு அதனை அங்கேயே வைத்திருக்கும் உரிமை பிறவாது என்பது நீதிமன்றங்கள் கொண்ட கொள்கை. ஆண்டுதோறும் வளரும் பொருளுக்கு நிலைத்த அளவு இல்லை. அளவு இல்லாததற்கு உரிமையும் இல்லை என்பது அதன் அடிப்படை.

வேரின் வழக்கு கிளையினும் அரியது. கிளை கண்ணுக்குத் தோன்றும். வேர் மண்ணுள் மறையும். நீரை உறிஞ்சி மண்ணைச் சுருங்கச் செய்த நெட்டிலிங்கம் போன்ற பாப்ளர் மர வேர்களால் வீடு பிளந்ததற்கு ஈடு தருமாறு 1940-இல் இங்கிலாந்தில் தீர்ப்பாயிற்று. கோடையில் பிளந்து மழையில் உப்பும் கரிசல் மண் திருமங்கலம் பகுதியில் மிகுதி. அங்கே சுவரில் தோன்றிய விரிசலுக்கு வேர் காரணமா, மண் காரணமா, கடைக்காலின் ஆழமின்மை காரணமா என்பதைப் பிரித்துணர்தல் எளிதன்று. ஆகவேதான் உரிமையியல் நீதிமன்றம் வழக்கறிஞர் ஆணையரை அமர்த்தி, நில அளவரோடு சென்று இடத்தைக் கண்டு அறிக்கை தரச் செய்கிறது. அவர் முதலில் காண்பது மரத்தை அன்று, எல்லையை.

வீழும் நிலையிலுள்ள மரத்துக்குத் தனி வழி உண்டு. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-ஆம் பிரிவாக இருந்து, 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152-ஆம் பிரிவாக அமைந்த விதி, அயலில் வாழ்வோர்க்கு ஊறு செய்யும்படி வீழவல்ல மரத்தைப் பற்றி நிர்வாக நடுவர் ஆணையிட இடந்தருகிறது. மரத்தை அகற்றுக என்பது மட்டும் அவ்வாணை அன்று. அகற்றுக அல்லது தாங்குக என்பதே விதியின் சொல். முட்டுக் கொடுத்துத் தாங்கினால் தீரும் அச்சத்திற்கு மரத்தை வீழ்த்துதல் சட்டத்தின் கட்டாயம் அன்று. நடைமுறையில் இப்பகுதி பெரும்பாலும் மறக்கப்படுகிறது. வழக்கிடுவோன் கேட்பது பெரும்பாலும் மரத்தின் வீழ்ச்சியையே. எதிர்வழக்காடுவோன் மறுப்பது ஒரு கிளையைத் தரிப்பதையும். இருவரும் நன்னன் நின்ற இடத்திலேயே நிற்கின்றனர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. குறுந்தொகை 292, கொடுங்கோன்மையைப் பழிக்கும் பாட்டு என்ற அளவில் நில்லாது, உரிமையையும் அளவையும் பிரித்துக் காட்டும் பாட்டாக அமைகிறது. தப்பல் உண்டு என்று ஒப்புக்கொண்டபின் தண்டத்தைப் பழித்தமையே அதற்குச் சான்று. தாய்க்கு நன்னனை உவமை கூறியதும் அப்பிரிவினை கருதியே. புறநானூறு 57-இல் காரிக்கண்ணனார் கூறிய காரணமும் அதே நோக்கினது. இவ்வாறு கொள்ளுமிடத்து, உவமையின் கடுமை தோழியின் சினத்தால் மட்டும் விளைந்ததன்று, பொருளின் ஒப்புமையால் விளைந்தது என்பது தெளிவாகும்.

சங்கப் பாட்டில் வரும் வழக்குச் செய்திகளைத் தொகுத்து, தப்பு, ஈடு, தண்டம் ஆகிய சொற்களின் ஆட்சியை ஆராய்வார் உளராயின், தமிழர் முறைசெய்த நெறி இன்னும் விளக்கமுறும். மதுரை வட்டாரத்து ஊர்களில் மரம்பற்றிய பூசல்களை ஊர்ப்பெரியோர் தீர்த்த முறைகளைக் கேட்டுத் தொகுத்தலும் அப்பணிக்குத் துணையாகும். மரம் எல்லையை அறியாது. அறியவேண்டியவர் எல்லையின் இருபாலும் நிற்பவர். தம் உரிமை எங்கே தொடங்குகிறது என்பதை அவர்கள் எளிதில் அறிவர். எங்கே முடிகிறது என்பதையே பரணர் பாட்டு கேட்கிறது.